மதலேனாவின் அரைப் பேர்

மதலேனாவுக்குக் கழுத்து நேராக நிற்கவில்லை. கொழும்பிலிருந்து ஹாலிஎல வரை பத்து மணி நேரம் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நின்றபடியே வந்தவள், ரயிலைவிட்டு இறங்கிய கையோடு மலையேறிக் கூடையை மாட்டியிருந்தாள். கூடைக் கயிறு உச்சந்தலையை அறுத்தது. இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுத்தன. அப்படியும் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

"தொண்டை நோகலையாடி?" பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த செசிலி கேட்டாள்.

"கூடையைத் தொண்டையில மாட்டலையே அக்கா."

குருவிமலைத் தோட்டம் மேற்பிரிவில் டிவிக்குப் பாடப் போன முதல் ஆள் மதலேனா. கொழும்பில் 'புதுக்குரல்' என்று ஒரு பாட்டுப் போட்டி. முந்நூறு பேரைக் கூப்பிட்டு, கழித்துக் கழித்து ஐந்து பேரை மிச்சம் வைத்திருந்தார்கள். அந்த ஐந்தில் அவள் ஒருத்தி. மற்ற நால்வரும் கிட்டார் வைத்திருந்தார்கள். இவள் பொப் பாட்டுப் பாடும்போது தாளத்துக்குத் தன் தொடையைத்தான் தட்டினாள். ஜெயித்தால் மாதம் ஒரு முறை அரை மணி நேரம், அவள் மட்டும் பாடும் நிகழ்ச்சி.

ஆனால் மதலேனா போட்டிக்குப் போனதில் இன்னொரு வழக்கும் கிளம்பியிருந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதியும் கூலிக் கணக்குதான் ஒரு பேர். அரை நாளுக்கு அரைப் பேர். காலை எட்டு மணிக்கு மலையில் நிற்காதவருக்கு அரைப் பேர் வெட்டு. இது சட்டம். முதல் தேர்வுக்குப் போன அன்று மதலேனா பன்னிரண்டு மணி வரை ஒன்பது கிலோ எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். கணக்கப்பிள்ளை தேவதாசன் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அவளுக்கு எதுவுமே போடவில்லை.

"பாடப் போறவளுக்குத் தோட்டம் பேர் போடாது" என்றார்.

"பாட்டுக்குக் கேக்கலைங்க ஐயா. ஒம்பது கிலோவுக்குக் கேக்குறேன்."

"போடமாட்டேன். என்ன செய்வ?"

என்ன செய்வாள்? அடுத்த சுற்றில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டி, "நேயர்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டபோது, "குருவிமலை கணக்கப்பிள்ளை ஐயா எனக்கு அரைப் பேரு தரணுங்க" என்றாள்.

தேவதாசன் அப்போது ஹாலிஎலயில், ஸமீம் நானாவின் கடையில், ஊரோடு சேர்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தேநீர். கடையிலிருந்த அறுபது தலைகளும் டிவியை விட்டு அவர் பக்கம் திரும்பின. தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

இறுதிச் சுற்றுக்கு நேயர்கள் தபாலட்டையில் ஓட்டுப் போடவேண்டும். அதுதான் இப்போதைய தலைவலி. மேற்பிரிவில் அவளைத் தவிர்த்து இருநூற்றுப் பதினெட்டு பேர் வேலை செய்தார்கள். பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர். அதில் எட்டுப் பேருக்குத் தங்கள் பேரை மட்டும்தான் எழுத வரும்.

"அட்டைக்கு நான் பொறுப்பு. நீ ஜெயிச்சா மாசா மாசம் என்ட கடை நெறையும்" என்று ஸமீம் நானா தபாற்கந்தோரில் இருந்த அட்டைக் கட்டு முழுவதையும் வாங்கி வந்தார்.

எழுதும் பொறுப்பை அவளுடைய மாமா இராயப்பன் எடுத்துக்கொண்டார். மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கிறவர். முப்பது வருஷமாகத் தோட்டத்துக் கடிதம், மனு எல்லாம் அவர் கையெழுத்துத்தான். யாருக்கு எழுதினாலும் "இங்கு யாவரும் நலம்" என்று முடிப்பார். வீட்டில் சாவு விழுந்த சேதியையும் அப்படித்தான் முடித்தார். செக்ரோலைப் பார்த்து, ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக ஆரம்பித்தார்.

"செக்ரோல் நம்பர் நாற்பத்தேழு செசிலி பணிவுடன் எழுதிக்கொள்வது. எனது வாக்கு மதலேனாவுக்கு."

"மாமா, அது போதும்" என்றாள் மதலேனா.

"அம்மாம்பெரிய அட்டையில ஒரே வரியா? மிச்ச எடம் சும்மா கெடக்குதே."

சும்மா கிடக்க விடவில்லை. கொழும்புக்குப் போகிற காகிதம் என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"எங்க காம்பராவுல கூரை ஒழுகுதுன்னு போடுங்க."

"பைப்புல தண்ணி வந்து ஒம்பது நாளாச்சு."

"எங்க ஆட்டைக் காணோங்க. வெள்ளை ஆடு. ஒரு காது கறுப்பு."

எல்லாவற்றையும் எழுதி, "இங்கு யாவரும் நலம்" என்று முடித்தார் இராயப்பன்.

அட்டைகள் போய் ஒரு வாரத்தில் ஸமீம் நானா கடைக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. நிகழ்ச்சி பொறுப்பாளர் மஹ்ரூப். மதலேனாவை மலையிலிருந்து கூட்டிவந்து குழாயைக் காதில் வைத்தார்கள்.

"குருவிமலை மேற்பிரிவுங்கிறது ஜெயிலா?" என்று கேட்டார் மஹ்ரூப்.

"தோட்டமுங்க ஐயா."

"பின்ன எதுக்கு எல்லாருக்கும் நம்பர்?"

"எங்களுக்கு நம்பர் உண்டுங்க."

"ஒன்றிலிருந்து இருநூற்றுப் பத்தொன்பது வரைக்கும் வரிசையா அட்டை வந்திருக்கு. நூற்றிமூணு மட்டும் இல்ல."

"நூத்திமூணு நான்தாங்க. எனக்கே நான் போட்டா நல்லாருக்காதுல்ல."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "தங்கச்சி, ஒரே முகவரி, ஒரே கையெழுத்து. ஒருத்தர் உக்காந்து எழுதின மாதிரி இருக்கு."

"ஆமாங்க, மாமாதான் எழுதுனாரு."

ஸமீம் நானா தலையில் கைவைத்துக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்.

"அப்ப இத எப்பிடி எண்ணுறது? வாக்காளர் இடாப்புல இருந்து ஒரு பிரதி அனுப்புங்க, ஒப்பிட்டுப் பாக்குறோம்."

"அதுல எங்க பேரு இல்லீங்க. நாங்க எந்த நாட்டு ஆளுங்கன்னு பைல் இன்னும் நடந்துகிட்டு இருக்கு."

எதிர்முனையில் அட்டைகளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப இவங்க இதுக்கு முன்ன ஓட்டே போட்டதில்லையா?"

"இதுதாங்க முதல்."

மஹ்ரூப் தொண்டையைச் செருமினார். "பெருவிரல் அடையாளமாவது எடுத்து அனுப்புங்க. அந்த ஆடு கிடைச்சுதா?"

"இன்னும் இல்லீங்க."

கடையிலிருந்த மைப்பெட்டி பதினைந்து விரலோடு காய்ந்து போயிற்று. இராயப்பன் பெக்டரிக்குப் போய், தேயிலைப் பெட்டியில் முத்திரை குத்துகிற கறுப்பு மையில் ஒரு டின் கொண்டுவந்தார். இருநூற்றுப் பதினெட்டு விரலையும் அதில் முக்கி எடுத்தார்கள்.

நான்காம் நாள் பதில் வந்தது. 'அனுப்பியது விரல் அடையாளமா, தாரில் தோய்த்த உருளைக்கிழங்கா? எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. ஒரு ரேகையும் தெரியவில்லை.'

செசிலி தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருபத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளின வெரலு. ரேகையெல்லாம் தேயிலைப் பெட்டியோட எப்பவோ கொழும்புக்குப் போயிருச்சுன்னு எழுதுங்க மாமா."

இதற்குள் மை டின் காணாமற்போன சேதி தேவதாசனுக்குப் போய்விட்டது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்.

"தோட்டத்து மையைத் தொட்டவன் யாரு? அவனுக்கு இன்னையோட வேலை இல்ல."

செசிலி கையை நீட்டிக் கறுத்த பெருவிரலைக் காட்டினாள். அவளுக்கு அடுத்தவள் காட்டினாள். அதற்கு அடுத்தவர். இருநூற்றுப் பதினெட்டு கறுப்பு விரல்கள் தேவதாசனின் முகத்துக்கு நேரே நின்றன.

மதலேனாவின் விரல் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவளை எதுவும் செய்ய முடியவில்லை. மற்றவர்களை நிறுத்தினால் மலையில் கொழுந்து முற்றிப்போகும். தேவதாசன் பல்லைக் கடித்துக்கொண்டு, "போங்க மலைக்கு" என்றார்.

"ஐயா, அந்த அரைப் பேரு?" என்றாள் மதலேனா.

"போடி."

கடைசியில் மஹ்ரூபே கிளம்பி வந்தார். ஆளை நேரில் பார்த்தால்தான் ஓட்டு. சனிக்கிழமை இறுதிப் போட்டி. வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்த வான் வண்டி மேட்டில் இரண்டு தடவை நின்றுவிட்டதால், ஏழரைக்குத்தான் வந்து சேர்ந்தார். கையில் அட்டைப் பை.

மதலேனா சண்டைக்குத் தயாராக இருந்தாள். கணக்கப்பிள்ளை தடுத்தால் என்ன பேசுவதென்று விடியலிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் தேவதாசன் தடுக்கவில்லை. செக்ரோலைத் தானே கொண்டுவந்து நீட்டினார். மஹ்ரூப் உட்கார நாற்காலியும் போட்டார்.

"நிதானமா கூப்பிடுங்க. ஒரு அவசரமும் இல்ல" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததை மதலேனா பார்த்ததே இல்லை. அவருக்குள்ளும் ஒரு மனுஷன் இருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நம்பர் ஒன்று."

"இருக்கேங்க."

"உங்க ஓட்டு யாருக்கு?"

"மதலேனாவுக்குங்க. கூரை இன்னும் ஒழுகுதுங்க."

ஒவ்வொருவராக வந்தார்கள். மஹ்ரூப் அட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், விரலைப் பார்ப்பார். சிலர் தலைவாரிப் பூ வைத்து, கோவிலுக்குக் கட்டும் சேலையோடு வந்திருந்தார்கள். "ஓட்டுன்னா இப்பிடித்தான் போடணுமாம்" என்றாள் ஒருத்தி. நூற்றெழுபதாம் நம்பர்காரர், "ஆடு கெடைச்சிருச்சுங்க, அந்த வரியை அடிச்சிருங்க" என்றார். மஹ்ரூப் பேனாவை எடுத்து அடித்தார்.

வெயில் மடுவத்துக் கூரையைத் தாண்டி மேலே வந்துவிட்டது. ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. தேவதாசன் ஓரமாக நின்று, காதிலிருந்த பென்சிலை எடுத்து, இன்னொரு புத்தகத்தில் என்னவோ குறித்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பத்தொன்பது முடியும்போது மணி பத்தரை.

"எல்லாரும் இருக்காங்க" என்றார் மஹ்ரூப். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இருநூற்றுப் பதினெட்டும் செல்லும். தங்கச்சி, நீங்க இப்பவே வான்ல ஏறுங்க. ஒத்திகைக்கு நேரமாச்சு."

மதலேனா ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஓட்டமாக ஏறுவது தெரிந்தது. எதற்கு இப்படி ஓடுகிறார்கள் என்று நினைத்தாள். அதற்குள் வான் வளைவு திரும்பிவிட்டது.

நூற்று இருபது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஏறுமுகம்தான். மாதாந்த நிகழ்ச்சி வந்தது. ஒலிநாடா வந்தது. பெரகல சந்தியில் நிற்கும் பஸ்களிலெல்லாம் அவள் குரல் ஓடியது. தொடையைத் தட்டிப் பாடுகிற அந்த வித்தையைக் கொழும்புப் பெண்களும் பழகினார்கள். முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள்.

ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. எந்த மேடையானாலும் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, "குருவிமலை கணக்கப்பிள்ளை ஐயா, என் அரைப் பேரு இன்னும் வரல" என்பாள். ஜனம் சிரித்துக் கைதட்டும். கொஞ்ச நாளில் அவள் சொல்லுமுன்னே ஜனம், "அரைப் பேரு" என்று கத்த ஆரம்பித்தது. பதுளை பஸ்ஸில் தேவதாசன் ஏறினால், "ஐயாவுக்கு அரை டிக்கட்டா?" என்று கேட்டார் கண்டக்டர்.

மாமாவின் கடிதம் மாதம் தவறாமல் வந்தது. இங்கு யாவரும் நலம். அவளும் அதை நம்பினாள்.

பதினான்காம் மாதம் தேவதாசன் தாங்கமாட்டாமல், பேர் போட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். மதலேனா கார் பிடித்து வந்தாள். காலைப் பெரட்டு நேரம். உயர்ந்த குதிச் செருப்பு சேற்றில் புதைய, நேரே கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்றாள்.

தேவதாசன் பழைய செக்ரோலை விரித்தார். நூற்று மூன்றாம் நம்பருக்கு நேரே, வெறுமையாக இருந்த கட்டத்தில், எல்லாரும் பார்க்க அரைப் பேர் போட்டார்.

"போதுமா தாயே? இனியாவது மேடையில என் பேச்சை எடுக்காத."

"உரக்கச் சொல்லுங்க ஐயா, பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"போட்டாச்சு" என்று கத்தினார் தேவதாசன்.

மதலேனா செக்ரோலை அவர் கையிலிருந்து வாங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கொழும்பில் இந்த அரைப் பேருக்கு ஐயாயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள். இங்கே ஒருவரும் தட்டவில்லை. கூடைகள் அப்படியே நின்றன.

"என்ன அக்கா, சந்தோஷமில்லையா? ஒரு தொழிலாளியோட அரைப் பேரை யாரும் முழுங்க முடியாதுன்னு காட்டிட்டேன்ல" என்றாள் முன்வரிசையில் நின்ற செசிலியிடம்.

செசிலி கூடைக் கயிற்றை உச்சந்தலையில் சரிசெய்துகொண்டாள்.

"உன் கணக்கு தீந்துச்சு மதலேனா, உனக்கு ஓட்டுப் போட பத்தரை மணி வரைக்கும் நின்னோமே, அன்னைக்கு இந்த ஆளு வெட்டுன இருநூத்திப் பதினெட்டு அரைப் பேரு, அது நீ எங்களுக்கு இன்னும் பாக்கி."