முப்பது கவர் கேழ்வரகு விஷயமாக புரொபசர் ஐயாவுக்கு

ஸ்கெலட்டன் லைன்,
கே.ஜி.எஃப்.

கர்த்தரின் கிருபையால் பெங்களூரில் நலமாக இருக்கும் புரொபசர் ஐயா அவர்களுக்கு, உங்களிடம் ஆராய்ச்சி படிக்கும் கிறிஸ்டோவின் தாயார் வினோலியா எழுதுவது. உங்கள் வீட்டாரும் உங்கள் நாற்றுகளும் சுகமா? நான் சுகமில்லை.

என் வீட்டுக்காரர் ஏனோக் தவறிப்போன செய்தி கேட்டு கிறிஸ்டோ கையிலிருந்த விதைப் பையோடு பஸ் ஏறிவிட்டான். நீங்கள் கொடுத்த லீவு ஒரு நாள். அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு அப்படியே ஓடினான், பையை மறந்தான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று பக்கத்து வீட்டு சரோஜம்மா குண்டான் நிறையக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள், வந்த ஜனமெல்லாம் குடித்தது, மறுநாள் பார்த்தால் பை இல்லை. ஆக்கிப் போட்டவளிடம் எதை வைத்து ஆக்கினாய் என்று எந்த வாயால் கேட்பேன்? நீங்களோ போனில், "அம்மா, அது சாதாரண கேழ்வரகு இல்லை, கைனேஸ் குடும்பம், முப்பது ஜீன், கவருக்கு ஒரு ஜீனைக் கெடுத்து வெச்ச விதை" என்றீர்கள். "கெட்டதுன்னா எதுக்கு சார் வெச்சிருக்கீங்க? ருசி நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். போனை வைத்துவிட்டீர்கள். கிறிஸ்டோவைக் கேட்டேன். "கைனேஸ்னா செடிக்குள்ள இருக்கிற ஒரு புரோட்டீன். தண்ணி கொறைஞ்சா ஒரு கைனேஸ் அடுத்ததைத் தட்டி எழுப்பும்மா, அது அதுக்கடுத்ததை, கடைசியில இலை ஓட்டையை மூடிக்கும். அதைப் பார்க்கத்தான் செடியைக் காயப்போடுறோம்" என்றான். இதற்கா நாலு வருஷம்? எங்கள் லைனில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். முதல் வீட்டுக்காரி அடுத்த வீட்டைத் தட்டுவாள், அவள் அடுத்த வீட்டை, கடைசி வீடு எழுவதற்குள் குழாய் மூடிக்கொள்ளும். எங்களை வந்து பாருங்கள், செடியாவது பிழைக்கும்.

அந்த முப்பதில் யாருக்கு யார் அண்ணன், யார் பங்காளி என்று சார்ட் போட்டு மாட்டியிருக்கிறீர்களாம். இந்தப் பையன் யார் பெற்ற பிள்ளை என்பது மட்டும் தெரியவில்லை. சனிக்கிழமை நாற்பதாம் நாள் ஜெபம். கல்லறையில் சிலுவை நட மகன் வேண்டும். விதை வராமல் லீவு இல்லை என்றீர்களாம். முப்பதும் எங்கள் சொந்தக்காரர்கள் வயிற்றுக்குள் போய் ஒரு மாதமாகிறது, எங்கிருந்து எடுத்துத் தருவேன்? தப்பு என்னுடையது, என்னை மன்னித்து அவனை விடுங்கள்.

உங்களுக்கு ஒன்று என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு முழு லீவு கிடைக்கட்டும் என்று ஜெபிக்கும்,
வினோலியா

பின்குறிப்பு: இதை ஒட்ட சரோஜம்மாவிடம் கோந்து கேட்டேன். வாங்கிப் படித்துவிட்டு, "அடிப்பாவி, கூழு காச்சினது எங்க வூட்டு கேவுரு! எலி தின்னப்போவுதுன்னு பையை எங்க பீரோவுல வெச்சுப் பூட்டினேன், நீ கேக்கவே இல்லையே!" என்றாள். எண்ணிவிட்டேன், கவர் முப்பதும் இருக்கிறது. அதனால் மேலே கேட்ட மன்னிப்பை அடித்துவிடுங்கள். விதையைத் தபாலில் அனுப்ப எனக்குப் படிப்பு போதாது. சனிக்கிழமை கிறிஸ்டோவை அனுப்புங்கள், கையில் கொடுத்தனுப்புகிறேன். வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கூழ் காய்ச்சத் தெரியும்.