பசை நடக்குது

“அண்ணாச்சி, பசை நடக்குது.”

மூக்கம்மாள் நீட்டிய சட்டியைத் தேவாசீர்வாதம் குனிந்து பார்த்தார். அந்த வெடிக் கம்பெனியில் காகிதக் குழாய் ஒட்டும் பெண்களுக்கு மைதாப் பசை காய்ச்சுவது அவளுடைய வேலை. மாவு அளந்து கொடுப்பது ஸ்டோர்க்காரரான அவருடைய வேலை. இன்னும் அடுப்பில் ஏற்றாத கரைசலில் செம்பழுப்பு வண்டுகள் நீந்திக் கரையேறி, சட்டி விளிம்பில் வரிசையாக நடந்துகொண்டிருந்தன.

“சத்தம் போடாத. சனிக்கிழமை முதலாளி வாராரு.”

“நான் போடலை. அதுகளும் போடலை. சும்மா நடக்குதுக.”

தேவாசீர்வாதத்துக்கு வேர்த்தது. ஸ்டோருக்கு வருமுன் அவர் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தவர். அங்கே ஒருமுறை இரண்டு புருவமும் கருகி, ஆறு மாதம் எதையோ கண்டு திகைத்தவர் போலவே திரிந்தார். ஸ்டோர் வேலை போனால் திரும்பவும் அந்த அறைதான். “அங்கன போறதா இருந்தா வீட்டுக்கு வராதீக” என்று மனைவி இன்பம் முன்பே சொல்லியிருந்தாள்.

சலித்தால் போயிற்று என்று சல்லடையை எடுத்தார். வண்டுகள் தரையில் விழுந்தன. விழுந்தவை விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பக்கத்து மூட்டைகளில் எல்லாம் குடியேறிவிட்டன.

“ஒரு மூட்டையில இருந்துச்சு. இப்ப எல்லாத்துக்கும் பங்கு வச்சுக் குடுத்துட்டீக” என்றாள் மூக்கம்மாள்.

வீட்டுக்குப் போன் செய்தார். வேப்பிலை போடச் சொன்னாள் இன்பம். கம்பெனி வேலியோரத்து மரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்து மூட்டைகளுக்குள் திணித்தார். விடிந்து பார்த்தால் இலை வேர்த்து, மாவு கட்டிகட்டியாக இறுகியிருந்தது. வண்டுகள் இலைமேல் ஏறிக் காற்று வாங்கின.

“காஞ்ச இலைதானே சொன்னேன்” என்றாள் இன்பம் போனில். “பச்சை இலையப் போட்டு அவிக்கவா சொன்னேன்?”

ஈர மாவை வெயிலில்தான் உலர்த்தவேண்டும். வெடி காயவைக்கும் காலி மேடையில் சாக்கை விரித்துக் கொட்டினார். மாவு உலர்ந்தது. உலர்ந்ததும் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து காற்றும் வந்தது. போர்மேன் காளீஸ்வரன் ஓடிவந்தபோது அவர் மீசையும் வெளுத்திருந்தது.

“மாவுத்தூசியும் பத்திக்கிடும், தெரியும்ல அண்ணாச்சி? முதல்ல அள்ளுங்க.”

“வெயில் பட்டா பூச்சி ஓடிருமேன்னு…”

“ஓடிருச்சு. எங்கன ஓடிருக்குன்னு பாருங்க.”

நிழல் தேடித்தான் ஓடியிருந்தன. பக்கத்துக் கொட்டகையில் அடுக்கியிருந்த காலிக் குழாய்களில் ஆளுக்கொரு வீடு பிடித்திருந்தன. ஒரு பெண் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்த வெடி, திரி வைக்க முந்தியே ஓடுதுக்கா.”

புகை போட்டுப் பார்க்கலாமா என்று தேவாசீர்வாதம் ஒரு நொடி நினைத்தார். எந்த இடத்தில் நின்று அதை நினைக்கிறோம் என்று உறைத்ததும் யாருக்கும் கேட்டிருக்குமோ என்று சுற்றிலும் பார்த்தார்.

கடைசியில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கொதித்த பூச்சி நடக்காது.

“எம்புட்டு மாவக் காய்ச்ச?” என்றாள் மூக்கம்மாள்.

“பூராத்தையும்.”

“அண்ணாச்சி, திங்கக்கிழமைக்குள்ள புளிச்சு நாறிப்போகும்.”

“முதல்ல சனிக்கிழமை போகட்டும். திங்கக்கிழமையக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு.”

வேலிக்கு வெளியே இருந்த பசைக் கொட்டகையில் அடுப்பு அணையவே இல்லை. டிரம்கள் நிரம்பின, வாளிகள் நிரம்பின. காளீஸ்வரனின் டீ கேனும் நிரம்பியது. அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஸ்டோர் பளிச்சென்று இருந்தது. காலிச் சாக்குகளைக்கூட உதறி மடித்து வைத்திருந்தார். முதலாளி உள்ளே வந்தார். கூட வந்த வெள்ளைச் சட்டைக்காரர் வாசலிலேயே நின்றார்.

“மைதா எங்க, அண்ணாச்சி?”

“சீசன் நேரம், முதலாளி. வேலை வேகத்துல எல்லாம் பசைக்குப் போயிருச்சு.”

முதலாளி மூலைகளைப் பார்த்தார். ஒரு சாக்கை எடுத்து உதறிப் பார்த்தார். எதுவும் விழவில்லை.

“மாவுல பூச்சி கீச்சி ஏதும் இருந்துச்சா?”

“நம்ம ஸ்டோர்லயா?” தேவாசீர்வாதம் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒரு பூச்சி காட்டுங்க, நான் மருந்து ரூமுக்கே போயிருதேன்.”

மூக்கம்மாள் இருமினாள். முதலாளி அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“கேட்டீகளா?”

“கேட்டேன் முதலாளி” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். “எங்க மில்லுல இருந்து வரும்போதே அந்த லோடு பூராவும் பூச்சி. மத்த கம்பெனிக்கெல்லாம் மூட்டைக்கு மூட்டை புதுசா மாத்திக் குடுத்துட்டுத்தான் வாரேன். உங்களுக்குத்தான் வேண்டியதில்லபோல.”