நெற்றிப் பலகையில் யார் பெயர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பதினேழாவது தடவையாக அர்த்தநாரி சாவியைத் திருகினார். கிர்ர் கிர்ர் என்று வண்டி செல்ஃப் அடித்தது. பதினேழு தடவையும் ஒரே மாதிரி இழுத்தது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

அன்று 2024 பிப்ரவரி 5, திங்கட்கிழமை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ரோட்டை ஒட்டிய தெரு. சேலத்துக் கடைகளுக்குப் போகவேண்டிய முட்டை அட்டை அட்டையாக வாசலில் அடுக்கியிருந்தது. வண்டிக்கு இருபது வயது, அர்த்தநாரிக்கு ஐம்பத்து மூன்று. இரண்டில் எது முதலில் ஓயும் என்று தெருவில் ஒரு விவாதம் உண்டு. அர்த்தநாரியைக் கேட்டால் இரண்டும் ஓயாது என்பார்.

பழைய டீசல் பிக்கப். சிவப்பு நிறம். முன்கண்ணாடிக்கு மேலே நெற்றிப் பலகை, அதில் மஞ்சள் எழுத்தில் 'அர்த்தநாரி'. எழுதியது எதிர்வீட்டு அறிவழகன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயர் எழுதுகிறவர். இந்தப் பக்கத்து மனிதர்கள் ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வண்டி நெற்றியில் ஒரு புள்ளி விடுபட்டால் பெயிண்டரோடு பேச்சுவார்த்தையே கிடையாது.

அந்த அறிவழகன்தான் பல் குச்சியோடு வந்து நின்றார். ரயில்வே கேட் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கந்தப்பனுக்கு ஒரு போன் போட்டால் அரைமணியில் வந்துவிடுவானே என்று யோசனையும் சொன்னார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அர்த்தநாரிக்கு மெக்கானிக் என்ற சொல்லே ஆகாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. மூன்று வருடம் முன்பு மல்லூர் தாண்டி ரேடியேட்டர் ஒழுகியது. ஆத்திர அவசரத்துக்குப் பழைய டிரைவர்கள் செய்கிற வைத்தியம் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. பின்னால் இருந்த அட்டையிலிருந்து ஆறு முட்டையை எடுத்தார். உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் ரேடியேட்டரில் ஊற்றினார். இன்ஜின் சூட்டில் கரு வெந்தது, ஓட்டை அடைத்தது, வண்டி வீடு வந்தது. ஒரு மாதம் வண்டி போன வழியெல்லாம் காலைப் பலகாரம் மணத்தது. ஆனால் அன்று முதல் அர்த்தநாரி தமக்குத் தாமே டாக்டர் பட்டம் கொடுத்துக்கொண்டார்.

எனவே அறிவழகனைப் பார்த்துச் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி:

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி. அதுக்குள்ள இந்த வண்டிய நானே கிளப்பிக் காட்டறேன். வேத்தாள் ஒருத்தன் கை இதுமேல படப்படாது. கிளப்பலீன்னா என்ற பேரை அழிச்சுப்போட்டு இவ பேரை எழுதிக்க."

'இவ' என்று அவர் கை காட்டிய இடத்தில் சௌந்திரம் முட்டை அட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி. தலை நிமிரவில்லை.

"எழுத்துக் கூலி யாருங்ணா தர்றது?" என்றார் அறிவழகன்.

"எழுதுனாத்தானே?" என்றார் அர்த்தநாரி.

சௌந்திரம் அந்த வாரம் சேலத்து முட்டையை வேறொருவர் வண்டியில் ஏற்றிவிட ஏற்பாடு செய்துவிட்டு உள்ளே போனார். ஒரு வார்த்தை சண்டை இல்லை. அர்த்தநாரி சந்தேகப்பட்டிருக்க வேண்டிய முதல் இடம் இது.

இரண்டாவது இடம் ஒன்றும் இருந்தது. தை பிறந்த புதிதில், நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சௌந்திரம் போய்ப் பேசி ஒரு ஆர்டர் பிடித்து வந்திருந்தார். பிப்ரவரி பத்தொன்பது முதல் தினமும் காலை ஐந்தரைக்கு அறுபது அட்டை. அர்த்தநாரி முடியாது என்றுவிட்டார். வாட்ச்மேன் நோட்டில் பேர் எழுதிவிட்டு உள்ளே போவதற்குத் தாம் என்ன பரீட்சை எழுதவா போகிறோம் என்று கேட்டார். அப்படியானால் நானே ஓட்டிக்கொள்கிறேன், லைசென்ஸ் எடுத்து நாலு மாதம் ஆகிறது என்று சௌந்திரம் சொன்னார். லைசென்ஸ் என்ற செய்தியே அர்த்தநாரிக்கு அன்றுதான் தெரியும். அதை மறைக்க டீக்கடையில் நாலு பேர் நடுவே ஒரு வசனம் விட்டார்:

"முட்டை ஏத்துன வண்டியப் பொம்பளை ஓட்டுனா, போய்ச் சேர்றது ஆம்லெட்டாத்தான் சேரும்."

நாலு பேரும் சிரித்தார்கள். அது மாலைக்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சௌந்திரம் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அர்த்தநாரி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவர் செய்யக்கூடாத தப்பு அது.

திங்கட்கிழமை முழுக்க அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். டீசல் வடிகட்டியைக் கழற்றித் துடைத்தார். குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று வாயை வைத்து ஊதினார். வாய் இரண்டு நாளைக்கு டீசல் நாறியது. பேட்டரியைச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றினார். பியூஸ் பெட்டியையும் திறந்து பார்த்தார். எல்லாம் தலை தெரிய வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூடினார்.

சௌந்திரம் அப்போது கண்ணாடிக் கூட்டை நீட்டினார். ராசிபுரத்தில் கண் சோதித்து வாங்கியது. ஆறு மாதமாக அலமாரியை விட்டு இறங்காதது.

"ஏனுங்க, இதைப் போட்டுக்கிட்டுச் சித்தெ பாருங்களே."

"வேண்டாம். கெழவனாட்ட இருக்கும். என்ற வண்டி எனக்குக் கை தடவுனாவே தெரியும்."

"சரிங்க" என்று சௌந்திரம் கூட்டை மடியில் செருகிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் காபி கொண்டுவந்தபோது, கிளட்ச் இறுகிக் கிடந்தால் வண்டி கிளம்பாது என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். சொன்னவன் மடையன் என்றார் அர்த்தநாரி. கிளட்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் நாளைக்கு எவனும் அதைப் பார்த்தாயா என்று கேட்கக்கூடாதல்லவா? கழற்றினார். கேபிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மாட்டினார். கல்லை மிதிப்பதுபோல் இருந்த கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது. வண்டி கிளம்பவில்லை.

புதன்கிழமை, டிரைவர் சீட்டில் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறதே, உட்கார்ந்தால் மீட்டர் தெரியாமல் எதையாவது தவறவிடுகிறீர்களோ என்னவோ என்றார் சௌந்திரம். இருபது வருடம் உட்கார்ந்து தாமே தோண்டிய பள்ளம் அது. அர்த்தநாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. தேங்காய் நாரை அடைத்து, புது ரெக்சின் தைத்து, சீட்டை நாலு விரற்கடை உயர்த்தினார். உட்கார்ந்து பார்த்தால் தலை கூரையில் இடித்தது. உயரம் சரியாக இருக்கிறது என்று தெருவுக்குச் சொல்லிவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார்.

அன்று மாலையே ரேடியேட்டரில் ஈரம் கசிவதைச் சௌந்திரம் காட்டினார். டாக்டர் உடனே ஆறு முட்டை கேட்டார்.

"இன்ஜினே ஓடலீங்க. சூடில்லாம முட்டை எப்படீங்க வேகும்?"

"நீ முட்டையக் குடு."

கொடுத்தார். வியாழக்கிழமை வெயில் ஏறியதும் தெருவில் மூன்று வீட்டு ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அறிவழகன் வேலைக்குப் போகும்போது துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, வண்டிக்கு என்ன உடம்பு என்று துக்கம் விசாரித்தார். வேறு வழியில்லாமல் அர்த்தநாரி ரேடியேட்டரைக் கழற்றி, மூன்று தடவை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஓட்டைக்குப் பற்றுவைத்து மாட்டினார். இருபது வருடத்தில் அந்த ரேடியேட்டர் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அன்றே, தூக்கிச் சாத்தினால்தான் மூடும் டிரைவர் கதவுக்குப் புதுக் கீல். காணாமல் போயிருந்த வலதுபக்க சைடு கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி. எல்லாம் சௌந்திரம் ஏதோ கேட்க, இவர் வீம்புக்குச் செய்தது.

வண்டி மணப்பெண் மாதிரி நின்றது. கிளம்பத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அறிவழகன் வந்தார். கையில் பெயிண்ட் டப்பா, இரண்டு பிரஷ். முக்காலியை வண்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, நெற்றிப் பலகையை ஒரு கண் மூடி அளந்தார். 'சௌ' பெரிய எழுத்து, இடம் பத்துமா என்று யோசிக்கிறேன் என்றார். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"பன்னெண்டு ஆகல" என்றார் அர்த்தநாரி. முகமெல்லாம் கிரீஸ். "பிரஷ்ஷைக் கீழ வை."

திருகினார். கிர்ர். மறுபடி திருகினார். கிர்ர். இருபது வருடம் நெற்றியில் இருந்த பெயர். அவர் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. இவர் வண்டி வாங்கிய அன்று, அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் அப்பா போட்டோ எடுத்துக்கொண்டார். அர்த்தநாரி மூன்றாவது தடவை திருகினார். கிர்ர்.

பதினொன்று ஐம்பதுக்குச் சௌந்திரம் சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி. அர்த்தநாரியின் கண்ணாடி.

"ஏனுங்க, நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?"

"பாரு. உன்ற மூஞ்சியப் பாத்துப் பயந்து கிளம்புதான்னு பாப்போம்."

சௌந்திரம் ஏறி உட்கார்ந்தார். குனிந்து பியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் கம்பி கருகி அறுந்திருந்தது. கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரிகிற அளவு அறுப்பு. முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொன்றை எடுத்துச் செருகினார். சாவியைத் திருகினார்.

வண்டி பிடித்தது. துளிப் புகைகூட விடாமல், புது வண்டி மாதிரி உறுமியது.

கூட்டம் வண்டியை நெருங்கியது. அர்த்தநாரி ஜன்னலுக்குள் தலையை விட்டுத் தணிந்த குரலில் கேட்டார்:

"அந்தப் பியூஸ் ஏது?"

"கடுகு டப்பால இருந்துதுங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரத்துல இருந்து."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ரேடியேட்டர் ஒழுகிய அதே மல்லூர் ரோட்டில், வேறொரு நாள், மடியில் முட்டை அட்டையோடு இடதுபக்கம் உட்கார்ந்திருந்த சௌந்திரத்துக்கு அவரே விளக்கம் கொடுத்தார். இந்த ஒரு பியூஸ் போனால் டீசல் வராது, வண்டி கிர்ர் என்று கத்தும், பெரிய பெரிய மெக்கானிக்கே இன்ஜினைப் பிரித்துப்போட்டு அழுவான் என்று. இவர் பேசியது மைல் கணக்கில் இருக்கும். அத்தனையும் அந்தப் பக்கத்து சீட்டில் சேர்ந்திருக்கிறது.

நல்லதை எடுத்துவிட்டு அறுந்ததை வைத்தது நீதானே என்று கத்த வாயைத் திறந்தார். மூடினார். கத்தினால், ஐந்து நாள் தேடியும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று தெருவே எழுதி வைத்துக்கொள்ளும்.

அறிவழகன் பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கினார். "அண்ணா, அழிச்சுப்போடட்டுங்களா? அண்ணிதானுங்களே கிளப்புனாங்க?"

அர்த்தநாரி நிமிர்ந்தார். அந்த வாரத்திலேயே அவர் மூளையில் மின்னல் வெட்டியது அந்த ஒரு தடவைதான்.

"டேய், நான் என்ன சொன்னேன்? வேத்தாள் கை படப்படாதுன்னேன். கட்டுன பொண்டாட்டி வேத்தாளா? அவ எனக்குப் பாதி. அவ கை என்ற கை. அவ கிளப்புனா நான் கிளப்புன மாதிரி. மணி இன்னும் பன்னெண்டு ஆகல. பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு ஊடு போய்ச் சேரு."

கூட்டத்தில் யாரோ பெயருக்கேற்ற பேச்சு என்றார்கள். அர்த்தநாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். பெயர் தப்பியது.

சௌந்திரம் இன்னும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. உயர்த்திய சீட்டு அவர் உயரத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது. கிளட்சை மிதித்துப் பார்த்தார். வலதுபக்கப் புதுக் கண்ணாடியில் கொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அறிவழகன் தம்பி, எல்லாருங் கேட்டுக்கங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "என்ற கை அவரு கையாமுங்க. அவரே சொல்லிப்போட்டாரு. அப்ப நான் ஓட்டுனா அவரு ஓட்டுன மாதிரிதானுங்களே?"

ஏழெட்டுப் பேரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். அர்த்தநாரி நெற்றிப் பலகையைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் பெயரை அழிக்க அறிவழகனிடம் பிரஷ் ஈரமாக இருந்தது.

"ஆமா" என்றார். "அதுக்கென்ன? தாராளமா."

"அப்ப சித்தெ அக்கட்ட நில்லுங்க. பின்னால எடுக்கறேன்."

ஒரு முட்டைகூட உடையாத அளவுக்கு மெல்ல, சௌந்திரம் வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டுக்குத் திருப்பினார்.

2024 பிப்ரவரி 19, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி இருபத்தெட்டு நிமிடம். விடுதி வாசலில் 'அர்த்தநாரி' என்று நெற்றியில் எழுதிய வண்டி வந்து நின்றது. இடதுபக்க சீட்டில், மடியில் முட்டை அட்டையோடு, கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். ஓட்டுநர்: சௌந்திரம். உடன் வந்த ஆள்: ஒன்று.