இன்ஜினுக்குப் பவுடர் போட்டவர்

ஏற்காட்டில் காட்டெருமை வழிமறித்தால்கூட மெல்லப் பின்னால் நகர்ந்து தப்பித்துவிடலாம். பவுடரிடம் காரை விட்டுவிட்டுத் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது.

பவுடர் என்பது ஊர் வைத்த பெயர். ஆள் மெக்கானிக். மலையில் முக்கி முனகி ஓடும் பழைய ஜீப்பு, பழைய கார்களில் ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கிரீஸ் அப்பியிருக்கும். ஆனால் பக்கத்தில் போனால் கல்யாண வீட்டு வாசனை அடிக்கும். காரணம், முகப்பவுடர். அதை அவர் தன் முகத்துக்குப் போட்டு யாரும் பார்த்ததில்லை. இன்ஜினுக்குத்தான் போடுவார்.

பானட்டைத் திறந்ததும் முதலில் ஒரு முறை முறைப்பார். பிறகு பரோட்டா வாங்கிய பாலிதீன் பையால் கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மூடிக் கட்டுவார். வருஷக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மரச்சில்லால் வழித்தெடுத்து, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகத் தேய்த்து, இண்டு இடுக்கெல்லாம் துணி விட்டுத் துடைப்பார். காய்ந்த பிறகு டப்பாவைத் திறந்து இன்ஜின் முழுக்கப் பவுடர் தூவுவார். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். ஒழுகும் இடத்தில் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு கறுப்பாக ஒரு கோடு இறங்கும். அது இறங்கும்வரை அந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார்.

ஐப்பசி மாதத்தில் பனிமூட்டம் ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரத்தில் பவுடர் களியாகிவிடும். அதற்காகப் பனையோலை விசிறியால் இன்ஜினுக்கு விசிறிக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள், காய்ச்சலில் படுத்த மாமியாருக்குப் பணிவிடை செய்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து புதுமணத் தம்பதி, தாத்தா காலத்துக் காரில் வந்தார்கள். போட்டோ எடுப்பதற்காக இன்ஜினைச் சும்மா பளபளவென்று துடைத்துத் தரச் சொன்னார்கள். பாவம், விவரம் தெரியாத பிள்ளைகள். மூன்று நாள் வண்டியைக் கொடுக்கவில்லை. நான்காம் நாள் ஏரிக்குப் போனபோது படகுக்காரர், "ஏனுங்க, உள்ளூருக்கே குடி வந்துட்டீங்களா?" என்று கேட்டாராம்.

இன்னொரு தடவை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனமெல்லாம் வெளியே வரும் நேரம். மாதா கோயில் வாசலில் நின்ற ஃபாதரின் ஜீப்புக்கு அடியிலிருந்து பவுடரின் தலை நீண்டது.

"ஃபாதர், பின்னாடி ஆயில் சீலு போச்சுங்க. நீங்க எத்தன செவம் செவிச்சாலும் நிக்காதுங்க."

செவம் செவிப்பது என்றால் ஜெபம் செய்வது. ஃபாதர் சிரித்துவிட்டார். ஊர் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறவனை ஊர் வெகுநாள் வைத்துக்கொள்ளாது என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அந்த ஊரில் நானும் ஓர் ஆள்தானே.

நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனுக்குள் சின்ன வாடகை வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. அங்கே என் அம்பாசிடரை நிறுத்த இடமில்லை. ஆத்தூரிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கார் நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டி வாசலே கறுத்திருந்தது. பவுடரிடம் கொண்டுபோய் விட்டேன்.

"வாங்கறவரு நாளைக்கிக் காத்தால வர்றாருங்க. சும்மா தொடச்சு, கறுப்பு பெயின்ட் அடிச்சு உட்டாப் போதும்."

"தொடச்சா உள்ள இருக்கறது தெரிஞ்சுபோகுமுங்களே, ரைட்டரு?"

"தெரியாத மாதிரி தொடைங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் ஆத்தூர்க்காரர் ஷெட்டுக்கே வந்து பானட்டைத் தூக்கினார். என் இன்ஜின் திருநீறு பூசிய சாமியார்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவே கறுப்பாக ஒரு கோடு.

"இதென்னங்க?" என்றார் அவர்.

நான் வாய் திறப்பதற்குள் பவுடர் ஆரம்பித்துவிட்டார். "எல்லாரும் அடியில சொட்டுதேன்னு கீழ இருக்கற ஆயில் தொட்டி, அந்த சம்ப்பத்தான் கழட்டுவாங்க. சம்ப்பு நல்லாத்தான் இருக்குதுங்க. பக்கவாட்டுல டேப்பெட் கவருன்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அங்கிருந்து வழிஞ்சு கீழ வருது. பேக்கிங் மாத்துனா அர நாள் வேலைங்க. நொம்ப நல்ல இன்ஜினுங்க."

ஆத்தூர்க்காரர் காதில் 'வழிஞ்சு' என்பது மட்டும்தான் விழுந்தது. 'நொம்ப நல்ல இன்ஜினு' விழவில்லை. "ஊட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று போனவர் போனவர்தான்.

எனக்கு வந்ததே கோபம். நேரே பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன். போண்டா தின்றுகொண்டிருந்த இரண்டு ஜீப் டிரைவர்களிடம், "பவுடரு நல்ல இன்ஜினைத் தானே லூசாக்கி உட்டுட்டு, அப்பறம் கண்டுபுடிச்ச மாதிரி காட்டறாருங்க. கண்ணால பாத்தேன்" என்றேன். நான் பார்க்கவே இல்லை. ஒரு போண்டாவை முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? செம்மநத்தத்துக்கு அது பஸ்ஸில் போனது. வெள்ளக்கடைக்குப் பைக்கில் போனது. போகப்போகப் பெருத்தது. போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறாராம். பவுடர் பட்டால் ரப்பரெல்லாம் அரித்துப்போகுமாம். ஒரே மாதத்தில் ஷெட்டு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவர் காலி ஷெட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது இன்னொருத்தர்.

பவுடர் சண்டைக்குப் போகவில்லை. ஆயில் லீக்கைத் தேடுகிறமாதிரி அதையும் கீழிருந்து மேலே தேடிக்கொண்டு வந்தார். வெள்ளக்கடையில் சொன்னவரைக் கேட்டார். அவர் கைகாட்டியவரைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க ரைட்டரு, எல்லார்த்தையும் கேட்டுட்டு வந்துட்டனுங்க. உங்க ஊட்டோட நின்னுபோகுதுங்க."

"என்னங்க இது, என்னையப் போயி..." என்றேன். உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

"யாரு சொன்னதுன்னு எனக்கு வேண்டாமுங்க. நாளைக்கி ஸ்டாண்டுல வந்து, அது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. ஷெட்ட மூடாம இருக்கலாம்."

"பாக்கலாமுங்க" என்றேன்.

மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் எனக்கு முட்டிவலி. அதற்கும் அடுத்த நாள் ஏன் போகவில்லை என்று ஞாபகமில்லை; காரணம் ஒன்று வைத்திருந்திருப்பேன். ஆடி பிறப்பதற்கு முன்னால் பவுடர் ஷெட்டை மூடிவிட்டுச் சேலத்துக்கு இறங்கிப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து எனக்கு வீரம் வந்து, ஸ்டாண்டில் நின்று உண்மையைச் சொன்னேன். "அட உடுங்க ரைட்டரு, ஆளே போயாச்சு" என்றார்கள். ஒருவர் எனக்கு டீ வாங்கித் தந்தார். அந்த டீயைக் குடிக்கவும் செய்தேன்.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சாலையோரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. மற்ற மெக்கானிக்குகள் மூன்று முறை சம்ப்பைக் கழற்றி மாட்டினார்கள். சொட்டுவது நிற்கவில்லை. பவுடர் சொன்ன இடத்தை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் அதை ஓட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினேன். விசாரித்துக்கொண்டு போனால், ஒரு வாட்டர் சர்வீஸில் பவுடர் லாரிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அங்கே லீக் பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. கழுவு, அனுப்பு, அவ்வளவுதான். அவர் மேல் பவுடர் வாசனை இல்லை.

"அன்னைக்கிச் சொன்னது நான்தானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. பானட்டத் தொறங்க."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல், டேப்பெட் கவரின் பேக்கிங்கை மாற்றினார். நான் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும், மலைக்குத் திரும்பி வந்துவிடுங்கள், ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ஷெட்டு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"வேண்டாமுங்க. நான் அங்க இருந்தா, என்னையப் பாக்கறப்பெல்லாம் உங்களுக்குத்தானுங்க சங்கடம்."

சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டார். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் பவுடரு, நீங்கள் இல்லாமல் ஊரே நன்றாக இல்லை என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லாமல்தான் மலை ஏறினேன்.