ஒரு சுற்று உட்கார்ந்திருந்த நரிகள்

மனைவியிடம் தோற்பது ஒரு செய்தியே அல்ல. கல்யாணமான எல்லா வீட்டிலும் காலைக் காப்பிக்கு முன்பே அது ஒரு தடவை நடந்து முடிந்துவிடும். ஆனால் மாமனாரை ஊரிலிருந்து வரவழைத்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, “நல்லாப் பாத்துக்கங்க மாமா” என்று சொல்லிவிட்டு, அவர் மகளிடமே தோற்றவன் எனக்குத் தெரிந்து மதுரையில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.)

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. எனக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. என் மனைவி தேன்மொழிக்கு விதைப் பரிசோதனைக் கூடத்தில். ஈரத் தாளில் விதைகளைப் பரப்பிவைத்து, எது முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்று நாள் கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் உத்தியோகம். இந்த ஒரு தகவலிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கார்டு. காசு வைத்து ஆடும் சீட்டுக்கட்டு இல்லை, மிருகப் படம் போட்டது. கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும். பிரித்தால்தான் உள்ளே என்ன மிருகம் என்று தெரியும். சேர்த்து, நண்பர்களிடம் மாற்றி, அவரவர் தனக்குப் பிடித்தபடி ஒரு கட்டு அமைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து மோத வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. பழங்காநத்தத்தில் நாங்கள் ‘மிருகக் கார்டு’ என்போம். அங்கே ஜெரால்டு அண்ணனின் ஸ்டேஷனரி கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்து ஷட்டரைத் தூக்கியதும் நாங்கள் மாடிக்கு ஏறுவோம். எல்லாரும் கழுதை வயசுக்காரர்கள்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஒரு கோட்டை. மிருகங்களை இறக்கி எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். மிருகத்தை இறக்கத் தீனி வேண்டும். அது சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நரிக்குத் துளி தீனி போதும். யானை இறங்க வேண்டுமென்றால் பல சுற்று சேர்த்துவைக்க வேண்டும்.

என் கட்டு முழுக்க நரி. கையில் வந்ததும் இறக்கு, இறக்கியதும் பாய். யோசனை கீசனை எல்லாம் கிடையாது. எதிராளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அவன் கோட்டை பாதி காலி. ஜெரால்டு அண்ணன் சொல்லிவிட்ட டீ வருவதற்குள் முடித்துவிடுவேன்.

தேன்மொழிக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். (வரலாற்றில் இப்படித்தான் பல ராஜ்ஜியங்கள் அழிந்திருக்கின்றன.) அவளுக்கு யானை பிடித்துப்போய்விட்டது. யானையாகச் சேர்த்தாள். அது இறங்குவதற்குள் என் நரிகள் அவள் கோட்டையை மேய்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நான் பெருந்தன்மையோடு, “யானைய விட்டுரு தேனு, நரிக்கு வா” என்று அறிவுரை சொல்வேன். அவள், “இருக்கட்டும்ங்க, யானைதான் பாக்க நல்லாருக்கு” என்பாள்.

இப்படி இருக்கும்போது கார்டுக் கம்பெனி ஆட்டத்தின் விதி ஒன்றை மாற்றியது.

ஒரே வரிதான். இறக்கப்பட்ட மிருகம் அந்தச் சுற்றிலேயே பாயக்கூடாது, ஒரு சுற்று உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பாய வேண்டும். எங்கள் வாட்சப் குழுவில் ஒப்பாரி. நான் மட்டும் குரல் பதிவு போட்டேன்: “ஒரு சுத்து லேட்டாப் பாயும், அம்புட்டுத்தானடா! பஸ்ஸு லேட்டா வந்தா ஊரு இடம் மாறிருமா? நரி நரிதான்டா!” அதற்குப் பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள். பெருமையாக இருந்தது.

அன்றைக்குத் தட்டில் இட்லியோடு உட்கார்ந்து தேன்மொழி அந்த வரியை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அப்ப இறங்குன மிருகத்த எதிராளி ஒரு சுத்து பூராவும் பாத்துக்கிட்டே இருப்பான்ல?”

“பாத்துட்டுப் போறான். பாத்தா நரி செத்தா போயிரும்?”

அவள் கைகழுவிவிட்டு வந்து எங்கள் மேசைக்கு அடியில் குனிந்தாள். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு நான் ஒரு கட்டுக் கார்டை முட்டுக் கொடுத்திருந்தேன். எல்லாம் தீனியே தேவைப்படாத ‘குழி’க் கார்டு. எதிராளி மிருகத்தை இறக்கியபின் ஒரு குழி தோண்டிவைத்தால், பாய்ந்துவரும் ஒரு மிருகம் அதில் விழுந்து போய்ச் சேரும். ஆனால் பழைய விதியில் நரி இறங்கிய கையோடு பாய்ந்துவிடும், குழி தோண்ட ஏது நேரம்? அதனால் பாக்கெட்டைப் பிரித்துக் குழி வந்தால் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வோம்.

“இத நான் எடுத்துக்கிடட்டுமா?”

“தாராளமா எடுத்துக்க. மேசைக்கு மட்டும் ஒரு அட்டைய மடிச்சு வச்சிரு.”

அந்த வாரமே கடையில் எல்லாரிடமும் குழி கேட்டு வாங்கினாள். ஜெரால்டு அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னய்யா, தங்கச்சி குழியா அள்ளிட்டுப் போகுது?” என்று கேட்டார்.

“அவ யானை விழுறதுக்குத்தாண்ணே” என்றேன். மாடியே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் எதற்குச் சிரித்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

புது விதி வந்தபின் நடக்கும் முதல் போட்டி. ஜெரால்டு அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து டி. கல்லுப்பட்டியிலிருந்து மாமனார் போன் செய்தார். பருத்தி போடுகிற மனிதர். நிதானமாகப் பேசுவார், நேராக விஷயத்துக்கு வருவார்.

“மாப்பிள்ள, நீங்க சீட்டு வெளையாடுறீகன்னு இங்கன பேசிக்கிடுறாக. பொண்ணு குடுக்கையில எந்தப் பழக்கமும் இல்லன்னாகளே?”

எனக்கு வியர்த்துவிட்டது. இது அந்தச் சீட்டு இல்லை, மூளைக்கு வேலை, சதுரங்கம் மாதிரி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ரோஷம் வந்து, “நீங்களே ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாருங்க மாமா. உங்க மாப்பிள்ள யாருன்னு தெரியும்” என்று சொல்லிவிட்டேன்.

வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. மண்டப வாசலில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் நின்றது. உள்ளே சாம்பார் வாசம். “பந்தி எப்ப மாப்பிள்ள?” என்று கேட்டுக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்தச் சமயத்தில்தான் ஜெரால்டு அண்ணன் யாரோடு யார் மோதுவது என்று சீட்டுக் குலுக்கி எடுத்தார். முதல் மோதல், முதல் மேசை. என் பேரைப் படித்தார். அடுத்த சீட்டைப் பிரித்தவர் ஒரு நிமிஷம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு என் மனைவியின் பேரைப் படித்தார்.

மாமனார் எழுந்துபோய் மகளைத் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒதுக்கினார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. ஆனால் வயக்காட்டில் பேசிப் பழகிய தொண்டை.

“ஏத்தா, சபையில வச்சு மாப்பிள்ளயத் தோக்கடிச்சுராத. நாலு பேரு பாக்குறாக.”

“வெளையாட்டுல எப்படிப்பா விட்டுக்குடுக்கிறது?”

“உங்கம்மா தாயத்துல எனக்கு விட்டுக்குடுக்கலயா?”

“அது உங்களச் சீக்கிரம் வயலுக்கு அனுப்புறதுக்குப்பா.”

நான் அங்கேயே தலையிட்டேன். தலையிடாமல் இருந்திருந்தால் அவள் ஒருவேளை மனம் இரங்கியிருப்பாள். “மாமா, அவ முழுசா வெளையாடட்டும். நான் வேணும்னா கொஞ்சம் பாத்து வெளையாடுறேன்” என்றேன். (இந்த வாக்கியத்தைத் தேன்மொழி இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவாள்.)

ஆட்டம் தொடங்கியது. முதல் கையிலேயே எனக்கு மூன்று நரி. சட்டென்று மூன்றையும் இறக்கி, மேசையில் தட்டி, “பாயுது!” என்று கத்தினேன்.

ஜெரால்டு அண்ணன்தான் நடுவர். குனிந்து மெதுவாக, “மாப்ள, அது பழைய விதி. இப்ப உக்காரணும்” என்றார்.

“தெரியும்ணே, சும்மா” என்று நரிகளைப் பின்னுக்கு இழுத்தேன். முதுகுக்குப் பின்னால் மாமனார் பக்கத்தில் இருந்தவரிடம், “என்னவாம்?” என்று கேட்பது காதில் விழுந்தது.

“வந்த உடனே பாயக்கூடாதுங்க. ஒரு சுத்து உக்காரணும்.”

“அது நல்லதுதான?” என்றார் மாமனார்.

தேன்மொழி என் மூன்று நரிகளையும் பார்த்தாள். விதையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு இரண்டு கார்டைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த சுற்றில் என் நரிகள் பாய்ந்தன. இரண்டு நரிகள் குழிக்குள் போயின. ஒன்று மட்டும் அவள் கோட்டையை லேசாகக் கடித்தது. “ஆ! பட்டுருச்சு!” என்று துள்ளினேன். உற்சாகத்தில் கையில் இருந்த மிச்ச நரிகளையும் இறக்கிவிட்டு மறுபடியும், “பாயுது!” என்று கத்தினேன்.

இந்தத் தடவை ஜெரால்டு அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கூடத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், “உக்காரணும்!” என்றார்கள். அதில் மாமனார் குரல்தான் ஓங்கி இருந்தது.

உட்கார்ந்தன. கடித்த நரியையும் சேர்த்து மேசையில் எத்தனை நரி இருந்ததோ அத்தனை குழி தோண்டினாள். அத்தனையும் விழுந்தன. இப்போது என் கையில் கார்டும் இல்லை, மேசையில் மிருகமும் இல்லை. நரிக்கட்டின் லட்சணம் அதுதான், முதல் மூச்சில் முடித்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அவளோ அதற்குள் தீனியைச் சேர்த்துவைத்திருந்தாள். யானை இறங்கியது. அதுவும் விதிப்படி ஒரு சுற்று உட்கார்ந்தது. அந்த ஒரு சுற்று நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்ப்பதைத் தவிர செய்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. என் வாழ்க்கையில் அத்தனை நீளமான ஒரு நிமிஷத்தை நான் கண்டதில்லை.

பிறகு யானை வந்தது. கோட்டை போயிற்று. டீக்காரர் அப்போதுதான் உள்ளே நுழைந்தார்.

கூடம் கைதட்டியது. மாமனார் எழுந்து வந்தார். மஞ்சப்பைக்குள் கையை விட்டு, வாழைநாரில் கட்டிய பெரிய மல்லிகை மாலையை எடுத்தார். மாப்பிள்ளை ஜெயிப்பார் என்று வாங்கிவந்திருக்கிறார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனிதர் தவித்த தவிப்பு முகத்தில் தெரிந்தது. கடைசியில், “தோத்தாலும் மாப்பிள்ள மாப்பிள்ளதான்” என்று சொல்லி மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார்.

கழற்றினால் அவர் மனம் புண்படும். அதனால் அன்று முழுக்க மாலையோடு இருந்தேன். தேன்மொழி அடுத்தடுத்த மோதல்களில் ஒவ்வொருத்தராகச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். தாமதமாக வந்தவர்கள் எல்லாரும் நேராக என்னிடம் வந்து, “வாழ்த்துகள் அண்ணே! கப்பு உங்களுக்குத்தானா?” என்று கையைக் குலுக்கினார்கள். ஒருவர் செல்ஃபிகூட எடுத்துக்கொண்டார். முதல் மோதலிலேயே வெளியேறிவிட்டு இத்தனை வாழ்த்து வாங்கிய வீரன் வேறெங்கும் இருக்க மாட்டான்.

கோப்பையை அவள்தான் வாங்கினாள். மாமனாரைப் பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். மனசு கேட்காமல் கேட்டேன்: “முதல்ல மூணு நரி வந்துச்சுல்ல, ஏன் ரெண்டு குழிதான் வச்ச? கையில குழி இல்லயா?”

“இருந்துச்சு. மூணையும் தடுத்திருந்தா நீங்க உஷாராகி மிச்ச நரியக் கையிலயே வச்சிருப்பீக. ஒண்ணு பட்டுச்சுன்னா சந்தோசத்துல எல்லாத்தயும் இறக்கிருவீகன்னு தெரியும்.”

நாங்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ‘நம் மிருகம் பாய முடியாதே’ என்று அழுதுகொண்டிருந்தோம். இவள் ஒருத்திதான் அதே வரியில் எதிராளிக்குக் கிடைக்கிற ஒரு சுற்று நேரத்தைக் கண்டுபிடித்தாள். அந்த நேரம் கிடைத்தால் எந்தக் குப்பைக் கார்டு தங்கமாகும் என்று கண்டாள். அதற்குமேல், எதிரே உட்கார்ந்திருப்பவன் எப்போது துள்ளுவான் என்பதையும் கணக்கில் எடுத்தாள். தோற்ற வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் இப்படி ஒரு மூளைக்கு எதிரே உட்கார்ந்து தோற்றோமே என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் வந்தது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், “சுண்டலுக்கு மாங்காய் பத்தல” என்று எழுந்து போய்விட்டாள்.

கதை அதோடு முடியவில்லை. மாமனார் ஊருக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். சொல்லும்போது ‘மாப்பிள்ள நரிய வச்சு வெளையாண்டாரு’ என்று சொல்ல, டி. கல்லுப்பட்டியில் எனக்கு ‘நரி மாப்பிள்ள’ என்று பேர் விழுந்துவிட்டது. வருஷம் பல ஆயிற்று. கதையை மறந்துவிட்டார்கள், பேர் மட்டும் நின்றுவிட்டது. காரணம் தெரியாத புது ஆட்கள் நான் ஏதோ பெரிய தந்திரக்காரன் என்று நம்புகிறார்கள்.

இந்தத் தடவை பருத்தி எடுப்பு முடிந்ததும் மாமனார் என்னைக் கட்டாயம் வரச் சொன்னார். போனால், முற்றத்தில் வியாபாரி தராசோடு நிற்கிறார். மாமனார் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, “நம்ம நரி மாப்பிள்ள” என்று மட்டும் சொன்னார். வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொங்கவிட்ட தராசைக் கழற்றிச் சரிபார்த்து மறுபடியும் மாட்டினார். விலையையும் அவராகவே கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தேன்மொழி, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வந்த பேருக்கு ஏற்றபடி நாமும் ஏதாவது கேட்போம் என்று தொண்டையைக் கனைத்தேன். மாமனார் சட்டென்று என் பக்கம் குனிந்து காதோரம் சொன்னார்:

“மாப்பிள்ள, வாயத் தொறந்துராதீக. தொறந்தா தெரிஞ்சுபோகும்.”