முனீசுரனுக்குப் படைச்ச சீமை ஒயினு

விருத்தாசலம்
ஆடி 22

பாண்டிச்சேரியில தொரை வூட்டுக் குசினியில சமையல் பாக்குற எங்கண்ணன் மவன் நல்லமுத்துக்கு அத்தை திரௌபதி எழுதிக்கிறது. பழமலைநாதர் புண்ணியத்துல நானும் மாமாவும் சொகம். ஒன் சொகமும் ஒன் பொண்டாட்டி கனகா சொகமும் எழுதவும்.

நீ அரிசி மாவு டின்னுக்குள்ள பொதைச்சி அனுப்புன ஒயினு வந்துது. டின்ன மடியில வச்சிக்கிட்டு வந்த எதுத்த வூட்டுத் தங்கராசு, பஸ்ஸுல போலீசு ஏறுனதும் பயந்துபோயி தேவாரம் பாடிட்டானாம். இங்க மதுவெலக்கு இருக்குதில்ல. நீ மாமா ஒடம்பு தேறட்டும்னு அனுப்புன, நான் எடுத்துக்கிட்டுப் போனது முனீசுரனுக்கு, கோவிச்சிக்காத. மாமா பீங்கான் கம்பெனி வேலைய வுட்டுட்டு ஊறுகா ஜாடி சுடுறேன்னு சொந்தமா சூளை போட்டாரில்ல, மொத ரெண்டு சூளையும் வெடிச்சி ஓடாப் போச்சி. இந்தத் தடவையும் வெடிச்சா பழையபடி கம்பெனி வாசல்ல போயி கைகட்டி நிக்கிறேன்னுட்டாரு. மனுசன் சோறு திங்கல. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. சூளை பத்த வைக்கிறதுக்கு முந்தி முனீசுரனுக்கு சாராயமும் சுருட்டும் கருவாடும் வைக்கிறது வழக்கம். சாராயம் கெடைக்கலன்னு ரெண்டு தடவையும் சோடா வச்சிருக்காங்க. சோடாவக் குடிச்சிட்டு எந்த முனி காவலு நிக்கும்?

அதான் ஒன் கடுதாசியப் பாத்துப் பாத்துப் படையலு போட்டேன். இது சிராங்குற கருப்புத் திராட்சையில பண்ணது, நல்லா அழுத்தமா மொளவு வாசமும் பொகை வாசமுமா இருக்கும், நெருப்புல சுட்ட ஆட்டுக்கறி, மொளவு போட்ட ஈரலு, சுட்ட கத்திரிக்கா இதெல்லாம் ஏத்தது, மீனு ஆவாது, மொளகாக் காரம் கூடாதுன்னு எழுதியிருந்த. அப்பிடியே பண்ணேன். பூசாரி கோவிந்தசாமி எலையப் பாத்துட்டு, "கருவாடு எங்க?"ன்னான். "மீனு ஆவாதாம்"னேன். "யாருக்கு, சாமிக்கா?" "ஒயினுக்கு." "அப்பப் படையலு சாமிக்கா, ஒயினுக்கா?" "தொரைக்கே பரிமாறுற புள்ள எழுதியிருக்கான், நீ மணிய ஆட்டு"ன்னேன். தொறந்து ஒரு மணி நேரம் காத்தாட வைக்கணும்னு வேற எழுதியிருந்தியா, சாமிய ஒரு மணி நேரம் காக்க வச்சது இந்த ஊருலயே நாந்தான். பூனை உருட்டிடப் போவுதுன்னு வேப்பமரத்தடியில பாட்டிலுக்கு மாமாவையும் பூசாரியையும் காவலு வச்சிட்டு ஈரலு வறுக்கப் போனேன். வந்து பாக்குறேன், ரெண்டு பேரு மூஞ்சியிலயும் அப்பிடி ஒரு தெளிவு. முனீசுரன் எறங்கிட்டாருன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

நேத்து சூளையப் பிரிச்சாங்க. ஒரு ஜாடியிலயும் கீறலு இல்ல. தட்டுனா வெங்கல மணியாட்டம் கேக்குது. மங்கலம்பேட்டை ஊறுகாக் கடை பாய் வந்து பாத்துட்டு, அத்தனையும் எனக்கே குடுங்கன்னுட்டாரு. எல்லாம் ஒயினு மகிமை. அடுத்த சூளைக்கும் ஒரு பாட்டிலு அனுப்பு. முனீசுரனுக்கு நாக்கு ருசி கண்டுடுச்சி, இனிமே சாராயத்தத் தொடமாட்டாரு.

கனகா மடி நெறையவும், தொரை வூட்டு அடுப்பு ஒன் கையச் சுடாம இருக்கவும் கொளஞ்சியப்பர் தொணை.

இப்படிக்கு
அத்தை திரௌபதி

பின்குறிப்பு: கடுதாசி ஒட்ட சோத்துப் பருக்கை தேடுறப்ப பூசாரி பொண்டாட்டி பூவாயி வந்தா. "அக்கா, அன்னைக்கி எங்க வூட்டு நாவப்பழத்த அள்ளிக்கிட்டுப் போயி ரெண்டு ஆம்பளையும் கசக்கிப் பாட்டிலுல ஊத்துனாங்களே, எதுக்கு?"ன்னு கேக்குறா. நான் சாமிக்குப் படைச்சது நாவப்பழத் தண்ணி. ஒயின மரத்தடியிலயே முடிச்சிருக்காங்க, அதுவும் கருவாட்டோட. நல்லாவே சேருதாம், ஒனக்கு எழுதச் சொல்றாரு மாமா. கொளஞ்சியப்பரே ஞாயம் கேக்கட்டும்னு, கோயிலு வேலுல கட்டுறதுக்கு மாமா மேல பிராதுச் சீட்டு எழுதிட்டேன். எழுதி முடிச்சப்பறந்தான் தோணுது, சாமிக்கு ஒயினே போவலன்னா, ஜாடி நல்லா வந்தது அந்த மனுசன் கைப்பக்குவத்துலதான. பிராத கிழிச்சிட்டேன். கைப்பக்குவம்னு நான் நெனைச்சத அவருக்கிட்ட சொல்லப் போறதில்ல, நீயும் சொல்லிடாத. ஒயினு அனுப்பு. இந்தத் தடவ காவலு நானே இருந்துக்கிறேன்.