பேர் போட்ட சுரைக்காய்

டெரிக் ஐன்ஸ்கோ என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் அத்தை மகள் ஹில்டாவின் கல்யாணத்தில். பரிசு மேசையில் வெள்ளித் தட்டு, கண்ணாடிக் கிண்ணம், பூப்போட்ட போர்வை என்று அழகாக அடுக்கியிருந்த வரிசைக்கு நடுவே ஒரு சாக்கு மூட்டை உட்கார்ந்திருந்தது. உள்ளே அவரைக்காய். இது யார் வேலை என்று அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தம்பி மகனாம், டெரிக்காம், கால்வாய்க்கரையில் தோட்டச் சங்கம் வாடகைக்கு விடுகிற துண்டு நிலம் புதிதாக எடுத்திருக்கிறானாம், ஆகஸ்ட் மாதமாம், காய்த்துத் தள்ளுகிறதாம். இத்தனை ‘ஆம்’களையும் நான் கேட்டு முடிப்பதற்குள் என் கையிலும் ஒரு பை ஏறிவிட்டது. கேக்கோடு வீட்டுக்குப் போக வேண்டிய விருந்தாளிகள் அன்று அவரைக்காயோடு போனார்கள். பெயரைக் கேட்டதும் காயைச் சுமந்ததும் ஒரே நாளில்தான்.

இவன் ஒருத்தனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு இனம். ஆகஸ்ட் வள்ளல் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். வட இங்கிலாந்தில், எங்கள் லங்காஷயரில், மழை கொஞ்சம் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் ஊர்களிலெல்லாம் இந்த இனம் உண்டு. ஜூன் வரை இவர்களை அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே இருப்பார்கள், நம்மைப் போலவே பஸ்ஸில் ஏறி இறங்குவார்கள். ஜூலை கடைசியில் கண்ணில் ஒரு மினுமினுப்பு வரும். ஆகஸ்ட் பிறந்ததும் கையில் பை முளைத்துவிடும்.

ஆகஸ்ட் வள்ளல் ‘வேணுமா’ என்று கேட்க மாட்டார். ‘எத்தனை?’ என்றுதான் கேட்பார். முன்வாசலுக்கு வர மாட்டார். முன்வாசலில் வந்தால் நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவோமே. பின்கதவு வழியாக, சரியாக நாம் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு, காலில் சேறும் கையில் பீட்ரூட்டுமாக வந்து நின்று, ‘சும்மா நாலே நாலு’ என்பார். அந்த நாலு எப்போதும் மேலே இருப்பது. அடியில் இருப்பதை நாம் அவர் போன பிறகுதான் எண்ணுவோம். வேண்டாம் என்று மெல்ல இழுத்தால், ‘பறிக்கலேன்னா செடி நின்னுரும்’ என்பார், ஏதோ அந்தச் செடியின் உயிர் நம் வீட்டுக் குழம்பில் இருப்பது போல. சரி, வாங்கிக்கொண்டோம், தீர்ந்ததா? எங்கே. அடுத்த வாரம் தபால் நிலையத்தில், இறைச்சிக் கடையில், ஒரு தடவை என் சித்தி பேத்தியின் ஞானஸ்நானத்தில், தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் என் காதோரம் குனிந்து, ‘அந்த பீட்ரூட்டு எப்படி இருந்துச்சு?’

அங்கேதான் நாம் தவறு செய்கிறோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரு வார்த்தை வாயில் வரவே வராது. பல் பிடுங்குகிறவரிடம்கூட ‘ரொம்ப அருமைங்க’ என்று சொல்லிவிட்டு வருகிற சனம் இது. எப்படி இருந்தது என்று கேட்டால் அருமை என்போம். அருமை என்றால் போதாது என்று பயந்து, ‘இன்னொண்ணு கிடைச்சா நல்லா இருக்கும்’ என்று வேறு சேர்த்துக்கொள்வோம். நாக்கு செய்கிற வேலையைக் கைதான் சுமக்கிறது.

மற்றக் காய்களைக்கூட மன்னித்துவிடலாம். சுரைக்காயை மன்னிக்க முடியாது. எங்கள் ஊர்ச் சுரைக்காய் பச்சையில் வரிவரியாக இருக்கும். விரல் அளவில் பறித்தால் வெண்ணெயில் வதக்கித் தின்னலாம். நாலு நாள் விட்டால் கைக்குழந்தை அளவு. அதற்கும் மேல் விட்டால் அதற்கு ஒரு தொப்பி போட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். உள்ளே தண்ணீரும் பஞ்சும்தான். கொத்துக்கறி அடைத்து வேகவைக்கலாம், இஞ்சி போட்டு ஜாம் கிண்டலாம், என்ன செய்தாலும் இஞ்சி ருசிக்கும், கறி ருசிக்கும், காய் ருசிக்காது. டெரிக்கிடம் இப்போது இரண்டு துண்டு நிலம். கீழ்த்துண்டில் மற்ற எல்லாம். மேல்துண்டு முழுக்கச் சுரைக்காய்.

ஆகவே நாங்கள் என்ன செய்தோம்? கை மாற்றினோம். டெரிக் டோரீனுக்குக் கொடுப்பான். டோரீன் என் பெரியப்பா மருமகள், தபால் போடுகிறவள், எல்லா வாசலும் அவளுக்குத் தெரியும். அவள் கொடுத்தது பாதிரியாருக்குப் போகும், பாதிரியார் கொடுத்தது பள்ளிச் சமையலறைக்குப் போகும், அங்கிருந்து எங்கோ போகும். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு செப்டம்பரில் கோயிலில் அறுவடைத் திருவிழா வரும் வரை. பீடத்துக்கு முன்னால் ரொட்டியும் ஆப்பிளும் அடுக்கிய இடத்தில் ஒரு சுரைக்காய். கழுத்தில் நத்தை கடித்த தழும்பு, சிரித்த வாய் மாதிரி, டோரீனுக்குக் கொடுத்தபோது இருந்த அதே தழும்பு. டெரிக் அதைப் பார்த்தான். பிறகு டோரீனைப் பார்த்தான். டோரீன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

அடுத்த கோடையில் அவன் ஆணியை எடுத்தான்.

பிஞ்சு விரல் அளவில் இருக்கும்போதே அதன் தோலில் ஆணியால் பேர் கீறிவிட்டால், கீறல் ஆறி வெள்ளைத் தழும்பாகி, காய் பெருக்கப் பெருக்கப் பேரும் பெருக்கும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட எங்கள் அப்பன்மார் செய்கிற விளையாட்டு அது. டெரிக் அதை ஊரில் எல்லார் பேருக்கும் செய்தான். ஆகஸ்டில் ஒவ்வொரு வாசலிலும் அவரவர் பேர் போட்ட சுரைக்காய் வந்து இறங்கியது, எழுத்து ஒவ்வொன்றும் கை அகலம். இனி யாருக்குக் கொடுப்பாய்? ‘டோரீன்’ என்று எழுதிய காயை இன்னொரு டோரீனுக்குத்தான் கொடுக்க முடியும். பக்கத்து ஊரில் அப்படி ஒருத்தி உண்டு, என் அம்மாவின் பெரியம்மா பேத்தி. அவள் விலாசம் கேட்டு டோரீன் என் வீட்டுக்கே வந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஜெம்மாவைச் சொல்லியாக வேண்டும். என் தங்கை ஐரீனின் பேரன் லியாம், அவன் பெண்டாட்டி. வறுத்த மீன் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றைச் சன்னல் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறாள். பெயிண்ட் டப்பாவில் தக்காளி வளர்ப்பாள். அது மீன் எண்ணெய் வாசத்தோடு பழுக்கும். மூத்தவன் வயிற்றில் இருந்தபோதே துண்டு நிலத்துக்குப் பேர் கொடுத்தவள், அவனுக்கு முன்பல் விழுந்தும் இன்னும் வரிசையில் நிற்கிறாள். வரிசையில் முதல் ஆள் அவள்தான். ஆனால் யாரும் சாகவும் இல்லை, விடவும் இல்லை. தோட்டச் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு: இரண்டு துண்டு வைத்திருப்பவரின் விளைச்சல் யாருக்கும் வேண்டாமல் வீணானால், இரண்டாவது துண்டு வரிசையில் அடுத்தவருக்கு. இரண்டு துண்டு வைத்திருந்தது டெரிக் ஒருத்தன்தான். ஆனால் அவன் எதை வீணாக்கினான்? கொடுத்து அல்லவா தீர்த்தான்.

பேர் போட்ட காய் யாரையும் தூங்க விடவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டிக்காரன் படிப்பான். உரக்குழியில் போட்டால் டெரிக்கே படிப்பான். ஆகவே ஒவ்வொருவரும், தனித்தனியாக, தனக்கு மட்டும்தான் இந்த மூளை என்று நினைத்துக்கொண்டு, காயைக் கோட்டுக்குள் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு போய்க் கால்வாயில் போட்டார்கள். இவ்வளவு கனமான பண்டம், கல் மாதிரி அடியில் போய்விடும் என்று எண்ணம். என்னுடையது கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது, அதனால் நான் தப்பித்தேன். சுரைக்காய் மிதக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

மிதந்தன. மெதுவாக, வாத்துகளோடு வாத்தாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே வந்து, மதகுக் கதவில் முட்டி, பேர் மேலே தெரிய, நாடகக் கொட்டகையில் இடம் பிடித்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. டோரீன். பாதிரியார். இறைச்சிக் கடை. ஜெம்மா. சங்கச் செயலாளர் ப்ரையன் டக்வொர்த் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனவர் நின்று படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் தன் பேரைப் படித்ததும் நாயின் கயிற்றை விட்டுவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டக் கொட்டகையில் கூட்டம். ப்ரையன் தள்ளுவண்டி நிறைய ஈரச் சுரைக்காயைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். தன்னுடையதை அடியில் போட்டிருந்தார். சட்டத்தைப் படித்தார். விளைச்சல் வீணாகியிருக்கிறது, கண்ணெதிரே கிடக்கிறது, ஆகவே மேல்துண்டு ஜெம்மாவுக்குப் போக வேண்டியது. ஒரே ஒரு சங்கதி: வேண்டாமென்றுதான் போட்டோம் என்று போட்டவர்களில் ஒருவராவது சொல்ல வேண்டும். சொன்னால் ஜெம்மாவுக்கு நிலம், ஊருக்கு விடுதலை.

எல்லாரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். டெரிக் எழுந்து வண்டியருகே வந்து, மேலே இருந்த காயைக் கைக்குட்டையால் துடைத்து, பேரைப் பார்த்தான்.

“டோரீன், இது எப்படிம்மா தண்ணிக்குள்ள போச்சு?”

“வாசல்ல வச்சிருந்தேன் டெரிக். திரும்பிப் பார்க்கறதுக்குள்ள காணோம். எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.”

அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. இறைச்சிக் கடைக்காரர் காயையும் எவனோ தூக்கியிருந்தான். பாதிரியார் பொய் சொல்ல மாட்டார். தன் வீட்டில் அந்தக் காய் இப்போது இல்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்தார். இன்னொருவர் சந்தேகப்படும்படியான ஒரு வேனைப் பார்த்ததாகச் சொன்னார். வேனுக்கு நிறம்கூட வந்துவிட்டது. ப்ரையனுக்கும் மூச்சு வந்தது. அப்படியானால் இது வீண் இல்லை, திருட்டு, சட்டத்தில் திருட்டுக்கு இடமில்லை, மேல்துண்டு டெரிக்கிடமே இருக்கட்டும், கை தூக்குங்கள் என்றார். கைகள் எழும்ப ஆரம்பித்தன. டெரிக் கண் கலங்கி நின்றான். கவலைப்படாதீர்கள், போனதற்கு ஈடாக எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு தருகிறேன் என்றான். எழுந்த கைகள் பாதியில் ஒரு நொடி நின்றன. ஆனாலும் இறங்கவில்லை. அதுதான் எங்கள் ஊர்.

நான் ஜெம்மாவைப் பார்த்தேன். சின்னவள் மடியில், பெரியவன் பக்கத்தில். இன்னும் எத்தனை பல் விழ வேண்டுமோ. டெரிக் கடைசியாக அவள் பேர் போட்டதை எடுத்தான்.

“உன்னோடதையுமா கண்ணு திருடிட்டாங்க?”

“இல்ல மாமா. நான்தான் போட்டேன்.”

கை தூக்கியவர்கள் தூக்கியபடியே இருந்தார்கள்.

“ஏன் புள்ள?”

“பிடிக்கல மாமா. பிள்ளைங்களும் தொடாது. போன வருசமும் போட்டேன், அப்ப பேரு இல்ல.”

ஊரில் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவள். டெரிக் பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தான்.

“எனக்கும் பிடிக்காது,” என்றான்.

அவன் அம்மா அதை அவித்து வெள்ளைக் குழம்பு ஊற்றிக் கொடுத்த காலத்திலிருந்து ஒரு துண்டு வாயில் வைத்ததில்லையாம். அப்புறம் ஏன்யா இத்தனை போடுகிறாய் என்று ப்ரையன் கத்தாத குறையாகக் கேட்டார்.

“நீங்கதான கேக்குறீங்க. வருசா வருசம் அருமை, இன்னொண்ணு கொடுன்னு. டோரீன், நீ கேக்கல? எனக்கு முட்டி தேஞ்சு போச்சுய்யா. மேல்துண்ட எப்பவோ விட்டிருப்பேன். ஊரு பூரா ஆசைப்படுதே, ஏமாத்தக்கூடாதேன்னுதான்.”

டோரீன் பாட்டுப் புத்தகத்தைத் தேடினாள். கொட்டகையில் ஏது பாட்டுப் புத்தகம்? டெரிக் சட்டைப்பையிலிருந்து மேல்துண்டு வேலிக்கதவின் சாவியை எடுத்து ஜெம்மாவின் பெரிய பையன் கையில் வைத்தான். ஊர் அவனுக்காகத்தான் அத்தனையையும் வாங்கிச் சுமந்ததாக நினைத்திருந்தது. அவனோ ஊருக்காக உழைத்துத் தேய்ந்திருக்கிறான். ஒரு தடவை ‘பிடிக்கல’ என்று சொல்லியிருந்தால் எல்லாருடைய முட்டியும் பிழைத்திருக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்க மாட்டேன். இது அடுத்த வருஷத்து ஆகஸ்ட். ஜெம்மா சுரைக்காய் போடவில்லை, பிடிக்காது என்று சொன்னவள் அல்லவா. வெள்ளரியும் பீன்ஸும் போட்டாள். நல்ல மண், டெரிக் இத்தனை வருஷம் எரு போட்ட மண், சும்மா இருக்குமா? போன வாரத்திலிருந்து சின்னவளைத் தள்ளுவண்டியில் காணோம். பிள்ளை பின்னால் நடந்து வருகிறது, வண்டியில் வெள்ளரி வருகிறது. ‘எத்தனை?’ என்று நேற்று டோரீனிடம் கேட்டாளாம். டோரீன் என்ன சொன்னாள் என்று நினைக்கிறீர்கள்? அருமை என்றாள்.

சிரியுங்கள். ஆனால் உங்கள் கொல்லையிலும் ஏதோ ஒன்று காய்க்கிறது, இல்லையா? ஒரே ஒரு செடி போதும். நீங்கள் பையோடு தெருவில் இறங்கும்போது எதிர்வீட்டுத் திரை லேசாக ஆடுகிறதா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ‘அருமை’ என்று அவர்கள் சொன்னதை நம்பித்தானே நீங்களும் இத்தனை நாளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சரி, மெதுவாகப் பேசுங்கள். வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது, தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரியும் இருக்கிறது. டெரிக் ஐன்ஸ்கோ இப்போது என் வீட்டு முன்னறையில், சோபாவுக்குப் பின்னால், தேய்ந்த முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறான்.